மேட்டுத்தெரு மாவும் ஆற்றுத்தெரு மாவும்

கோட்டை மேனேஜர் ஜெர்வே வெள்ளைக் கையுறையைக் கழற்றாமலேயே ஊரடுப்பின் வாய்க்குள் கையை விட்டார். முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவி வெளியே எடுத்தபோது கையுறையில் சிலந்திவலை அப்பியிருந்தது. அப்போது அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை அவருடைய கல்யாணத்தன்றுகூட யாரும் பார்த்ததில்லை. அந்தக் கல்யாணத்தைப் பற்றி ஆரம்பித்தால் கதை வேறு பக்கம் போய்விடும்.

அடுப்பை ஒட்டியிருந்த ஒற்றை அறை வீட்டின் ஜன்னலுக்குப் பின்னால் ஃபிலோமேன் கஷ்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். உரித்தது பாதி, வேடிக்கை பார்த்தது மீதி.

"என்ன முஸ்யே, உள்ள எதையாவது தொலைச்சுட்டீங்களா?"

"இல்ல ஃபிலோமேன். தேடுனது கெடச்சிருச்சு." கையுறையைத் தூக்கிக் காட்டினார். "இங்க கடைசியா எப்ப ரொட்டி வெந்துச்சு? போன வருஷம் மார்த்தீனார் திருநாளுக்கு முந்தின நாள். சரிதானே? வர்ற திருநாளன்னிக்குப் பொழுது சாஞ்சா ஒரு வருஷமும் ஒரு நாளும் ஆயிடும். உன் தலைக்கு மேல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் அண்ணாந்து பாத்துக்க."

சொல்லிவிட்டுக் காலடியால் அளந்துகொண்டே போனார். அடுப்பிலிருந்து அவள் வீட்டு மூலை வரைக்கும், மூலையிலிருந்து தெரு வரைக்கும். கோட்டைச் சீமாட்டி புதிதாகக் கார் வாங்கியிருந்தாள். அந்தக் காருக்கு ஒரு கொட்டகை வேண்டியிருந்தது.

பெஸ்ஸலூ ஊரில் யாரும் அண்ணாந்து பார்ப்பது கிடையாது, மழை வருமா என்று பார்ப்பதைத் தவிர. அடுப்பு வாய்க்கு மேலிருக்கும் கறுப்புக் கல்லில் விரல் தடிமனுக்கு எழுத்து வெட்டியிருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் ஓடிப்போன கோட்டைக்காரர்கள் திரும்பி வந்து பார்த்தால், ஊர் ஜனம் வரியில்லாமல் அந்த அடுப்பில் ரொட்டி சுட்டுத் தின்றுகொண்டிருந்தது. வழக்கு, அடிதடி எல்லாம் முடிந்து ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். காகிதத்தில் எழுதினால் எரித்துவிடுவார்கள் என்று இரண்டு தரப்பும் பயந்ததால் கல்லில் எழுதினார்கள். 'இங்கே ஊருக்கு ரொட்டி வேகும்வரை அடுப்பும் அதை ஒட்டிய வீடும் ஊருடையவை. ஒரு வருஷமும் ஒரு நாளும் வேகாதிருந்தால் கோட்டையுடையவை.'

அதை ஒட்டிய வீடு என்பது ஃபிலோமேன் வீடு. அவள் புருஷன் பாப்திஸ்தின் தாத்தா காலத்திலிருந்து அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அந்த அறைதான் கூலி. அதில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு புருஷன். பின்னால் ஒரு பன்றி.

அடுப்பு ஏன் ஆறிப்போனது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது கஞ்சத்தனம்தான். ஆறின அடுப்பைச் சூடாக்க ஒரு வண்டி விறகு வேண்டும். ஒருதரம் சூடேறிவிட்டால் அடுத்து வருகிறவர்களுக்கு நாலு சுள்ளிக்கட்டு போதும். ஆக, முதலில் மூட்டுகிறவன் ஏமாளி, இரண்டாவதாக வருகிறவன் கெட்டிக்காரன். இந்தச் சங்கடத்துக்காகவே தொப்பிக்குள் அவரை விதை போட்டுக் குலுக்குவார்கள். கறுப்பு விதை எந்தத் தெருவுக்கு விழுகிறதோ அந்தத் தெரு முதலில் மூட்டும். போன வருஷக் குலுக்கலில், மேட்டுத்தெரு ஒக்தவி கொண்டுவந்த தொப்பிக்குள் ரகசிய மடிப்பு இருப்பதாக ஆற்றுத்தெரு ஸிதோனி கண்டுபிடித்தாள். இருந்ததா இல்லையா என்று அந்தத் தொப்பிக்குத்தான் தெரியும். அன்றைக்கே அது ஆற்றோடு போய்விட்டது.

அத்தோடு குலுக்கல் நின்றது. மேட்டுத்தெரு மூட்டட்டும், நாம் இரண்டாவதாகப் போவோம் என்று ஆற்றுத்தெரு காத்திருந்தது. ஆற்றுத்தெரு மூட்டட்டும் என்று மேட்டுத்தெரு காத்திருந்தது. குளிர்காலம் போனது, ஈஸ்டர் போனது, அறுப்பு போனது. டவுனிலிருந்து வேனில் வரும் ரொட்டியை வாங்கி, இது ரொட்டியா பஞ்சா என்று திட்டிக்கொண்டே தின்றார்கள். ஊரே ஒரு வருஷம் இப்படி அடுத்தவன் விறகுக்காகக் காத்திருந்தது. காத்திருக்காதது அந்தச் சிலந்தி ஒன்றுதான்.

ஃபிலோமேன் கஷ்கொட்டையை அப்படியே போட்டுவிட்டு மேயரைப் பார்க்கப் போனாள். மேயர் ரூக்கெத் நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமைதோறும் கோட்டையில் காட்டுக்கோழி சாப்பிடுகிறவர் எவ்வளவு நல்லவராக இருக்க முடியுமோ அவ்வளவு.

"ஒரு கமிட்டி போட்டுரலாம் ஃபிலோமேன். பனியெல்லாம் போகட்டும், நிதானமா வசந்தத்துல போடலாம்."

"வசந்தத்துல அங்க கார் நிக்கும் மேயரய்யா. கமிட்டி காருக்குள்ளதான் உக்காரணும்."

"சரி, ரெண்டு சுள்ளியப் போட்டுப் புகையக் காட்டிடேன். தீந்துச்சு."

"கல்லுல 'ரொட்டி'ன்னு எழுதியிருக்கு, 'புகை'ன்னு எழுதல. 'ஊருக்கு'ன்னு எழுதியிருக்கு, 'ஃபிலோமேனுக்கு'ன்னு எழுதல. நான் ஒருத்தி ஒரு ரொட்டியச் சுட்டு நீட்டினா அந்த ஜெர்வே சிரிப்பான்."

மேயர் மீசையைத் தடவினார். மீசை மேயரின் மூளைக்குக் கதவு மாதிரி. தடவினால் மூடிவிட்டார் என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்தபோது பாப்திஸ்த் செய்தி கேட்டுவிட்டு மேசையில் கவிழ்ந்து கிடந்தான். கூரைக்குக் கல் ஓடு வேயும் கொத்தன் அவன். கோவில் கூரையிலிருந்து விழுந்ததிலிருந்து ஒரு காலும் சரியில்லை, தைரியமும் சரியில்லை.

"தம்பி வீட்டுக்குப் போயிரலாம் ஃபிலோ."

"உன் தம்பி பொண்டாட்டி என்னைச் சேத்தாலும் சேப்பா, பன்னியச் சேக்கமாட்டா."

"பன்னிய அடிச்சு உப்புப் போட்டுரலாம்."

"உன்னையும் சேத்து உப்புப் போட்டாத்தான் அவ வீட்ல இடம் பத்தும். எந்திரிய்யா. கொட்டில்ல நம்ம விறகு எவ்வளவு இருக்கு?"

பாப்திஸ்த் தலையைத் தூக்கினான். "அது குளிர்காலத்துக்கு வச்சது."

"வீடே போகப்போகுது, விறக வச்சு என்ன செய்வ? கட்டிப்புடிச்சுக்கிட்டு ரோட்ல படுப்பியா?"

வருஷம் பூராவும் ஆறிக்கிடந்த அடுப்பைச் சட்டென்று சூடாக்க முடியாது. ஈரம் குடித்த கல் வளைவு பட்டென்று வெடித்து இறங்கிவிடும். முதல் நாள் வாய்க்குப் பக்கத்தில் சின்னத் தீ. ஒரு பூனை குளிர்காய்கிற அளவுதான். வளைவு வியர்த்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து நெருப்பில் சீறியது. அடுத்த நாள் தீயைக் கொஞ்சம் உள்ளே தள்ளினாள். பாப்திஸ்த் நொண்டி நொண்டி விறகு கொண்டுவந்து கொடுத்தான். ஒவ்வொரு கட்டையையும் கொடுப்பதற்கு முன்னால் சாவு வீட்டில் பார்ப்பதுபோல ஒருதரம் பார்த்துக்கொண்டான்.

தெருவில் போகிறவர்கள் எல்லாரும் நின்றார்கள்.

"என்ன ஃபிலோமேன், அடுப்பா?"

"சும்மா. ஈரம் காயட்டுமேன்னு."

"உன் விறகா?"

"பின்ன யாரு விறகு?"

அவ்வளவுதான். 'ஐயோ பாவம்' என்று ஒரு முகம், 'கிடைத்துவிட்டது ஒரு ஏமாளி' என்று இன்னொரு முகம், இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். ஆனால் வந்த வேகத்தைவிடப் போன வேகம் கொஞ்சம் அதிகமாக இருந்தது. ஃபிலோமேன் அதைக் கவனித்தாள். வருஷக்கணக்காக அந்த ஜன்னலில் உட்கார்ந்திருந்தது வீண் போகவில்லை.

திருநாளுக்கு முந்தின நாள் கொட்டில் காலி. கடைசிக் கட்டை அடுப்புக்குள் போனது. கையை விட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பு தாண்டிச் சூடு ஏறியிருந்தது. ஆனால் ரொட்டி வேகிற சூடு இல்லை. வளைவு புகை படிந்து கறுப்பாகவே இருந்தது. வேகிற சூடு வந்தால் அந்தக் கறுப்பு எரிந்து கல் வெளுத்துவிடும். அதற்கு இன்னும் முப்பது சுள்ளிக்கட்டாவது வேண்டும். அவளிடம் முப்பது குச்சிகூட இல்லை.

"கேட்டுப் பாரேன்," என்றான் பாப்திஸ்த்.

"கேட்டாக் குடுப்பாங்களா? நீ இந்த ஊர்லதானே பொறந்த?"

ஏப்ரன் துணியை உதறிக் கட்டிக்கொண்டு ஒக்தவியின் காபிக் கடைக்குப் போனாள். ஒக்தவி வந்தவர்களுக்கு ஊற்றுகிற ஒயினைவிட அவர்களிடமிருந்து கறக்கிற செய்தி அதிகம்.

"உக்காருடி. கண்ணெல்லாம் புகையில செவந்து கெடக்கு. எதுக்கு உனக்கு இந்த வேண்டாத வேலை?"

"வேலை முடிஞ்சுருச்சு ஒக்தவி. அடுப்பு நல்லாச் சூடாயிருச்சு. எல்லாம் என் தலையெழுத்து. விறகு என்னுது, ரொட்டி ஸிதோனியோடது."

ஒக்தவியின் கையில் இருந்த குப்பி சாய்ந்தபடியே நின்றது. "எந்த ஸிதோனி?"

"ஆத்துத்தெருவுல எத்தனை ஸிதோனி இருக்கா? இன்னிக்கு ராத்திரியே மாவு பெசையப்போறாங்களாம். நாளைக்கு மொத ஆளா நிப்பாங்கபோல. நான் எதுக்கு அதெல்லாம் உன்கிட்டச் சொல்லிக்கிட்டு. வரேன்."

"ஒரு வாய் குடிச்சுட்டுப் போயேன்."

"வேண்டாம்மா. உனக்கும் வேலை இருக்கும்."

அங்கிருந்து ஊற்றுத்தொட்டிக்கு. அது ஏதோ பழங்காலத்து ராஜாவின் கல் சவப்பெட்டி என்பார்கள். இப்போது மாடுகள் அதில்தான் தண்ணீர் குடிக்கின்றன. ஸிதோனி அதன் ஓரத்தில் முட்டைக்கோசு அலசிக்கொண்டிருந்தாள். மரச்செருப்பு செதுக்குகிறவன் பெண்டாட்டி. நாக்கும் அதே உளி.

"வா ஏமாளி," என்றாள் ஸிதோனி. "ஊருக்கெல்லாம் குளிர்காய விறகு வச்சியாமே."

"ஊருக்கு இல்லடி. ஒக்தவிக்கு."

முட்டைக்கோசு தொட்டிக்குள் விழுந்தது.

"இப்பத்தான் அவ கடையிலேருந்து வரேன்," என்றாள் ஃபிலோமேன். அதில் பொய் எதுவும் இல்லை. "மேட்டுத்தெரு பூராவும் இன்னிக்கே பெசையப்போகுது. சூடான அடுப்பு, சும்மா கெடக்கு. அவ விடுவாளா?"

"விடமாட்டா! எங்களுக்குத் தெரியாதா அவளப் பத்தி? தொப்பிக்காரி!"

அன்று சாயங்காலம் பெஸ்ஸலூவின் இரண்டு தெருவிலும் ஒரே சத்தம். மரத்தொட்டியில் ரை தானிய மாவை அறைகிற சத்தம். ஒரு வருஷமாகக் கேட்காத சத்தம். பரணிலிருந்து மாவு மூட்டைகள் இறங்கின, புளித்த மாவு கடன் வாங்க அக்கம்பக்கம் ஓடினார்கள். ஒவ்வொருத்தியும் எதிர்த் தெருவுக்குக் கேட்கக்கூடாதென்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு பிசைந்தாள். ஃபிலோமேன் தன் பங்குக்கு ஒரே ஒரு ரொட்டிக்குப் பிசைந்தாள்.

திருநாள் காலை. போர் முடிந்த நாளும் அதுதான். நினைவுக்கல் முன்னால் ஊர் கூடியது. கல்லின் மேல் நிற்கும் வெண்கலச் சிப்பாய் எதிரியைப் பார்ப்பதாகத்தான் ஏற்பாடு. நட்டவர்கள் திருப்பி நட்டதில் அவன் ஒக்தவி கடை வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். செத்துப்போன பையன்களின் பெயரைப் படித்தபோது எல்லாரும் தலை குனிந்து நின்றார்கள். அதில் யாரும் எந்தத் தெரு என்று பார்க்கவில்லை. பெயர்கள் முடிந்து மேயர் மூவர்ணப் பட்டையைச் சரிசெய்துகொண்டு பேச்சை ஆரம்பித்தார். அவர் பேச்சு எப்போது ஆரம்பித்தது என்று எல்லாருக்கும் தெரியும்; எப்போது முடியும் என்று அவருக்கே தெரியாது.

ஃபிலோமேன் ஸிதோனியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"உன் மாவு எப்படி?" என்றாள் காதோடு.

"பொங்கித் துணியத் தூக்கிக்கிட்டு நிக்குது. இந்த ஆளு எப்ப வாயை மூடுவாரோ. ஏண்டி, அடுப்பு தயார்தானே?"

"அதான் சொல்ல வந்தேன். வளைவு இன்னும் கறுப்பாத்தான் இருக்கு."

"என்னது?"

முன்வரிசையில் நின்ற ஒக்தவி திரும்பினாள். "என்னடி கறுப்பு?"

"வளைவு. என் விறகு தீந்துபோச்சு. இன்னும் முப்பது கட்டு இருந்தாத்தான் வெளுக்கும்."

"சூடாயிருச்சுன்னு சொன்னியேடி!"

"சூடுதான். வேகுற சூடுன்னு சொன்னேனா?"

ஒக்தவி ஸிதோனியைப் பார்த்தாள். ஸிதோனி ஒக்தவியைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் எல்லாம் புரிந்தது. புரிந்து என்ன பயன்? பிசைந்த மாவு யார் பேச்சையும் கேட்காது. பொங்குகிற நேரத்தில் பொங்கும், நேரம் தப்பினால் அமுங்கிப் புளித்துப் பன்றிக்குத்தான். ஒவ்வொரு வீட்டிலும் குளிர்கால மாவில் ஒரு பங்கு தொட்டியில் கிடந்தது.

"பாவி!" என்றாள் ஒக்தவி. அதில் கோபம் பாதி, மரியாதை பாதி.

"யாரு மொதல்ல கட்டு கொண்டுவர்றாங்களோ அவங்க ரொட்டி கண்டிப்பா வேகும். மத்தவங்களுக்கு நான் சொல்ல முடியாது," என்றாள் ஃபிலோமேன்.

ஸிதோனி மரச்செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். ஒக்தவி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினாள். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர், பிறகு பத்துப் பேர். "நமது மாவீரர்கள் பின்வாங்கியதில்லை" என்று மேயர் சொன்னபோது சதுக்கமே கலைந்துகொண்டிருந்தது. கடைசியில் சிப்பாயும் மேயரும் மேயர் பெண்டாட்டியும்தான் மிச்சம்.

"நீயாவது கேக்குறியே," என்றார் மேயர் நெகிழ்ந்துபோய்.

"கேக்கல. நிறுத்துறதுக்குத்தான் நிக்கிறேன். எட்டு ரொட்டிக்குப் பெசைஞ்சு வச்சிருக்கேன். வந்து விறகத் தூக்குங்க."

"கோட்டையில என்ன நெனைப்பாங்க..."

"ஞாயித்துக்கெழமை காட்டுக்கோழி. மத்த ஆறு நாளும் யாரு வீட்ல திங்கிறீங்க?"

மூவர்ணப் பட்டையோடு மேயர் ரூக்கெத் தோளில் சுள்ளிக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்த காட்சியைப் பார்க்காதவர்கள் இன்றைக்கும் வருத்தப்படுகிறார்கள்.

மேட்டுத்தெருவிலிருந்து கட்டு இறங்கியது, ஆற்றுத்தெருவிலிருந்து கட்டு ஏறியது. பட்டாணிப் பந்தல் கம்பு, உடைந்த வண்டிச் சக்கரம், ஸிதோனி புருஷன் செதுக்கிக் கெடுத்த செருப்புகள். ஒரு கட்டு அதிகமாகப் போட்டுவிடக்கூடாதென்று ஒரு வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்தவர்கள், எதிர்த்தெருக்காரன் ஒரு கட்டு அதிகமாகப் போட்டுவிடக்கூடாதென்று போட்டி போட்டுக்கொண்டு எறிந்தார்கள்.

"எங்க விறகு வெடிக்கிற சத்தத்தக் கேளு! ஒங்களுது ஒரே புகை!"

"புகை ஒன் கண்ணுலடி!"

அடுப்பு முழங்கியது. ஃபிலோமேன் முகம் பழுத்து, புருவம் பொசுங்கி, வாய்க்கு நேரே நின்று நீண்ட கம்பியால் தீயைப் பரப்பினாள். மத்தியானத்துக்கு மேல் வளைவின் நடுவில் ஒரு கல் வெளுத்தது. பிறகு சுற்றிலும் வெளுப்பு பரவியது. கடைசி மூலையும் வெளுத்தபோது பாப்திஸ்த்தான் முதலில் கத்தினான், "வெளுத்துருச்சு!"

ஃபிலோமேன் தணலை இழுத்துத் தள்ளி, ஈரத்துணியால் தரையைத் துடைத்து, சூடு பதம் பார்க்க ஒரு பிடி மாவை உள்ளே வீசினாள். மாவு கருகாமல் பொன்னாகச் சிவந்தது.

"மொதல்ல எங்க தெரு!" என்றாள் ஒக்தவி.

"ஏன், உங்க தெரு மாவுக்குத் தலையில கிரீடமா?" என்றாள் ஸிதோனி.

ஃபிலோமேன் நீண்ட மரத்துடுப்பைத் தரையில் ஊன்றினாள். "உள்ள தெரு கெடையாது. இங்கேருந்து ஒண்ணு, அங்கேருந்து ஒண்ணு. பேசுறவங்களுது கடைசி."

யாரும் பேசவில்லை. ஒக்தவியும் பேசவில்லை, இதை ஊர் சரித்திரத்தில் தனியாகச் சேர்க்க வேண்டும். சக்கரம் போன்ற கறுத்த ரொட்டிகள் மேட்டுத்தெருவும் ஆற்றுத்தெருவுமாக மாறி மாறி உள்ளே போயின. ஃபிலோமேன் அடுப்பு வாயை மூடினாள்.

அப்போதுதான் கார் வந்தது. ஜெர்வே இறங்கினார். பின்னால் ஊன்றுகோலோடு சீமாட்டி. கோவிலில் மணி தொங்கும் மணிச்சுவருக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"மூட்டினது கணக்கில்ல ஃபிலோமேன்," என்றார் ஜெர்வே. "வெந்து வெளிய வரணும். இன்னும் கொஞ்ச நேரத்துல பொழுது சாஞ்சுரும்."

"தெரியும் முஸ்யே."

வெயில் மணிச்சுவரின் பாதிக்கு வந்தது. ஸிதோனியால் பொறுக்க முடியவில்லை. "தொறந்துருடி! அரைவேக்காடா இருந்தா என்ன? எடுத்து நீட்டு!"

"ஆமா, தொறந்துரு ஃபிலோ," என்றான் பாப்திஸ்த். கட்டில், மேசை, பன்றி எல்லாம் அந்தக் குரலில் இருந்தன.

ஃபிலோமேன் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். "இப்பத் தொறந்தா உள்ள இருக்கிறது அம்புட்டும் களி. ஊருக்கு ரொட்டின்னுதான் எழுதியிருக்கு. நான் ஊருக்குக் களி குடுக்கமாட்டேன்."

ஜெர்வே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஃபிலோமேன் மூக்கை நீட்டிக் காற்றைப் பார்த்தாள். மாவு வாசனை போய், கொட்டை வறுத்த வாசனை வந்து, அதற்கும் மேலே மெல்லிய கசப்பு ஒன்று எட்டிப் பார்க்கிற வரைக்கும் நின்றாள். அப்புறம் கதவைத் தள்ளினாள்.

முதல் ரொட்டியைத் துடுப்பில் இழுத்துக் கவிழ்த்துப் பிடித்து, அடியில் விரல் முட்டியால் தட்டினாள். மரப்பெட்டியைத் தட்டினதுபோல 'டொக்'கென்று கேட்டது. கூட்டத்தின் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. ரோட்டில் இருந்தவர்கள் முகத்தில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

எழுந்த கூச்சலில் கோவில் புறாக்கள் அத்தனையும் பறந்தன. ஒக்தவியும் ஸிதோனியும் கட்டிப்பிடித்துக்கொண்டதாகச் சிலர் சொல்கிறார்கள். கீழே விழாமலிருக்கப் பிடித்துக்கொண்டோம் என்று இருவரும் இன்றைக்கும் சாதிக்கிறார்கள்.

சீமாட்டி முன்னால் வந்து அண்ணாந்து கல்லில் இருந்ததை முழுக்கப் படித்தாள். பிறகு ரொட்டியை வாங்கிப் பிய்த்தாள். விரல் சுட்டது, ஆனாலும் விடவில்லை. மென்றாள்.

"ஜெர்வே," என்றாள், "இது வெந்திருக்கு."

"மதாம், ஆனா நேரம்..."

"வெயில் உம்ம மொட்டத்தலையில அடிக்குது. வாரும்."

போகும்போது ரொட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அடுத்த சுற்றுக்கு மேயர் வீட்டு எட்டு ரொட்டி உள்ளே போயிற்று. அதற்கப்புறம் ஆப்பிள் பணியாரங்கள், பன்றிக்கொழுப்பு அப்பம் என்று வரிசை ஊற்றுத்தொட்டி வரைக்கும் நீண்டது. பாப்திஸ்த் நொண்டலை மறந்து வரிசையைச் சரிசெய்துகொண்டிருந்தான். "தள்ளு, தள்ளு" என்று மேயரையே தள்ளினான். இருட்டுகிற நேரத்துக்கு வரிசைக் கடைசியில் ஒருத்தி முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு, துணி போர்த்திய தட்டோடு நின்றாள். கோட்டைச் சமையல்காரி.

ஃபிலோமேன் துடுப்பை நீட்டித் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். ஆப்பிள் பணியாரம். மேலே கோட்டைச் சின்னம்கூட மாவில் வைத்திருந்தது.

"யாரு அனுப்புனா?"

"மதாம்தான். டவுன் வேன்ல வர்றது அவங்களுக்கும் பிடிக்கலியாம். ஒரு ஓரமா வச்சுக்குடுப்பியாம்."

"சுள்ளிக்கட்டு எங்க?"

"அது... கொண்டுவரலையே."

ஊர் முழுக்கக் காது கொடுத்துக்கொண்டிருந்தது. ஃபிலோமேன் நெற்றிச் சாம்பலைப் புறங்கையால் துடைத்தாள்.

"போய் எடுத்துட்டு வா. அவசரமில்ல, மெதுவா வா. அடுப்பு ஆறாது."